டர்பன் வந்து மூழ்கிய 'பிரடியூஸ்' கப்பலில் டைவ் செய்துவிட்டு அன்று மாலையே ஜோகன்னஸ்பர்க் திரும்பலாமா?

ஜோகன்னஸ்பர்க் லெனேசியாவிலிருந்து வெள்ளி இரவு கிளம்பி, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் மாமா வீட்டில் படுத்து, சனிக்கிழமை இரண்டு டைவ் முடித்துவிட்டு மாலையே காரில் திரும்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் ஓப்பன் வாட்டர் (டைவிங்கின் முதல்நிலைச் சான்று) கார்டு மட்டும்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். டைவ் ஒரே நாளில் முடிந்துவிடும். அன்றே திரும்புவதுதான் ஆகாது.

காரில்தானே போகிறோம், விமானம் இல்லையே என்று பலர் நினைக்கிறார்கள். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் உயரம். பயணிகள் விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும் கிட்டத்தட்ட அந்த உயரத்துக்கு உரியதுதான். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறி முடியும் முன்பே, வழியிலுள்ள வான் ரீனன் மலைக் கணவாய் ஏறினால் அது ரத்தத்தில் குமிழியாகலாம். மூட்டு வலியில் தொடங்கி முதுகுத்தண்டு வரை போகலாம். எனவே விமானத்துக்குச் சொல்லும் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், இரண்டு என்றால் 18 மணி நேரம். சனி பகல் 11 மணிக்குக் கரையேறினால் ஞாயிறு காலை 5 மணிக்குப் பிறகு கிளம்பலாம்.

அடுத்தது கார்டு. ஓப்பன் வாட்டர் 18 மீட்டருக்குத்தான். 'பிரடியூஸ்' மொலாசஸ் ஏற்றிய டாங்கர். 1974 ஆகஸ்டில் அலிவால் ஷோல் என்ற கடலடிப் பாறைத்திட்டில் மோதி மூழ்கியது. உடைந்து சரிந்து, சுமார் 30 மீட்டரில் கிடக்கிறது. அட்வான்ஸ்டு என்ற அடுத்த நிலைச் சான்று இல்லாமல் நல்ல படகுக்காரர் யாரும் அங்கே இறக்கமாட்டார். அதுவரை ஷோலின் மேல்பாறைகளைப் பாருங்கள், ஜூன் முதல் நவம்பர் வரை ராகி சுறாக்கள் இருக்கும்.

அட்வான்ஸ்டு எடுத்த பிறகு பார்க்கவேண்டியது ஆழம் அல்ல, காற்று. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் 30 மீட்டரில் 80 லிட்டர் இழுப்பார். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (காற்றழுத்த அளவு) என்றால் 2,400 லிட்டர். கூட வருபவரின் காற்று தீர்ந்து இருவரும் ஒரே சிலிண்டரில் மேலே வரவேண்டிய நிலையை நினைத்துப் பாருங்கள். பதற்றத்தில் இருவருக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 50 லிட்டர், அதுவும் மேல்மட்டக் கணக்கில். கீழே தடுமாறும் ஒரு நிமிடத்துக்கு 200, மேலேறும் மூன்று நிமிடத்துக்கு 412, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க 225. மொத்தம் ஏறக்குறைய 840 லிட்டர், அதாவது 70 பார். அழுத்தக் காட்டி 70-ஐத் தொடும்போது ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். இறங்கும்போது செலவாகும் 100 லிட்டரையும் கழித்தால் கப்பலில் இருக்க 18 நிமிடம் மிஞ்சும். 10 லிட்டர் சிலிண்டர் என்றால் 13 நிமிடம்தான், அதோடு 84 பாரிலேயே திரும்ப வேண்டும். "50 பாரில் மேலே வாருங்கள்" என்று பொதுவாகச் சொல்வது இந்த ஆழத்துக்குப் போதாது.

நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூட்டிய காற்று, எடுத்தால் நேரம் கூடும் என்று விற்பார்கள். 32 சதவீதக் கலவையில் 30 மீட்டருக்கான நேர வரம்பு 20 நிமிடத்திலிருந்து 30 ஆவது உண்மைதான். ஆனால் உங்கள் சிலிண்டர் 18 நிமிடத்திலேயே முடிகிறதே! எடுக்கவேண்டிய காரணம் வேறு: உடம்பில் சேரும் நைட்ரஜன் குறையும். 33 மீட்டருக்குக் கீழே மட்டும் போகக்கூடாது. அந்தக் கலவைக்குத் தனிப் பயிற்சியும் வேண்டும்.

படகு கிளம்பும் ஊரான உம்கோமாஸ் டர்பனுக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர். பொழுது ஏற ஏற வடகிழக்குக் காற்று எழும்பும் என்பதால் படகு விடிகாலையிலேயே கிளம்பும். துறைமுகம் கிடையாது, ஆற்றுமுகத்தில் அலையைக் கிழித்துக்கொண்டு ரப்பர் டக் என்ற காற்றடைத்த படகு போகும். லைஃப் ஜாக்கெட் மாட்டி, பாதத்தைப் பட்டைக்குள் நுழைத்து, முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடியுங்கள். பட்டைக்குள் கால் இல்லாதவர்தான் தூக்கி எறியப்படுவார். திரும்பும்போதும் அப்படித்தான்: படகு முழு வேகத்தில் மணலில் ஏறி நிற்கும். முந்தின இரவே வாந்தி மாத்திரை போடுங்கள், காலையில் வாழைப்பழமும் ரொட்டியும் போதும். ரொட்டிக்குள் குழம்பு நிரப்பிய பன்னி சவ் கரையேறிய பிறகு.

நீரோட்டம் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். அதனால் படகோட்டி நீரோட்டம் வரும் பக்கத்தில், கப்பலுக்கு முன்பாகவே நிறுத்தி எல்லோரையும் ஒரே எண்ணிக்கையில் விழச் சொல்வார். டைவ் ஜாக்கெட்டில் காற்று இல்லாமல் விழுந்து நேரே இறங்குங்கள். மேலே மிதந்தபடி முகமூடியைத் திருத்திக்கொண்டு நின்றால் கப்பல் பின்னால் போய்விடும். மீட்டருக்கு ஒருமுறை காதைச் சமன் செய்யுங்கள். வலித்தால் சற்று ஏறி மறுபடி முயலுங்கள், அழுத்தித் தள்ள வேண்டாம்.

கப்பலுக்குள் நுழையாதீர்கள். துருப்பிடித்த தகடு எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. துடுப்பை ஒருமுறை அடித்தால் வண்டல் கிளம்பி வாசல் மறையும். வெளியே இருந்து டார்ச் அடித்தாலே போதும், சாம்பலாகத் தெரிந்த தகட்டில் சிவப்பும் ஆரஞ்சும் பூக்கும். உள்ளே பெரிய களவா மீன் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும். தகட்டில் கை வைக்காதீர்கள், அங்கேதான் விஷமுள் லயன்ஃபிஷ் ஒட்டியிருக்கும். சிக்கிய தூண்டில் நரம்பை அறுக்க ஒரு சிறு வெட்டுக்கருவி கட்டாயம். எதையும் நினைவுப் பொருளாக எடுக்காதீர்கள்: ஷோல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி. பக்கத்தில் கிடக்கும் 1884-ஆம் ஆண்டின் 'நீபோ'வுக்கு, 60 ஆண்டு தாண்டிய கப்பல்களைக் காக்கும் 1999 மரபுச் சட்டமும் சேர்ந்து பொருந்தும்.

முன்பதிவின்போது இரண்டு கேள்வி மறக்காமல் கேளுங்கள்: சிலிண்டர் எத்தனை லிட்டர், வால்வு டின்னா யோக்கா (சுவாசக் கருவி பொருந்தும் இரண்டு வகை). படகில் ஆக்சிஜன் இருக்கிறதா என்பதற்கு 'ஆமாம்' என்று தயங்காமல் பதில் வராவிட்டால் வேறு படகு பாருங்கள். மாமாவிடம் ஞாயிறு காலை வரை தங்குவதாகவும் சொல்லிவிடுங்கள்.