ஆற்றுக் காப்புக் குழுவில் எந்த வேலை யாருக்கு? கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்து ஆற்றுக் காப்புக் குழுக்கள் கேட்டவை.

கே: எல்லாவற்றையும் தலைவரே செய்கிறார். அவர் ஊரில் இல்லாவிட்டால் உம்லத்துசானா ஆற்றுப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. (சாட்ஸ்வொர்த்)

ப: கூட்டம் நடத்துவது, நகராட்சியோடு பேசுவது, சச்சரவு தீர்ப்பது: தலைவருக்கு இவை போதும் ஐயா. மற்றதை ஒரு தாளில் மூன்று நெடுவரிசையாக எழுதுங்கள்: வேலை, பொறுப்பாளர், மாற்றாள். பொறுப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எல்லோரும்’ என்று எழுதிய வேலை நடக்காது. கேட்காமல் எவ்வளவு செலவு செய்யலாம் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். பாதிச் சண்டை அதில்தான் தொடங்குகிறது.

கே: சாக்கடை வழிந்து ஆற்றில் கலக்கிறது. ஆளாளுக்குப் போன் போட்டும் பயனில்லை. (ஃபீனிக்ஸ்)

ப: புகார் எண் யாரிடம் இருக்கிறது? புகாருக்கு ஒரே ஆள் போதும். மேன்ஹோல் இருக்கும் தெரு, அருகிலுள்ள வீட்டு எண், நேரம், படம் ஆகியவற்றோடு பதிவு செய்து, கிடைத்த எண்ணை நோட்டில் எழுத வேண்டும். அடுத்த முறை அதே எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டு நாளில் அசையாவிட்டால் தலைவர் வார்டு கவுன்சிலரிடம் போகட்டும். அந்தத் தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது.

கே: ஆற்றில் வாழும் பூச்சி வகைகளை வைத்து ஆற்றின் நலத்தை அளக்கும் மினிசாஸ் சோதனையில் மதிப்பெண் ஆளுக்கு ஆள் மாறுகிறதே? (டொங்காட்)

ப: பெரும்பாலும் பூச்சியை அடையாளம் காண்பதில் வரும் பிழை. ஒவ்வொரு வகைக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. புழு 2, நத்தை 4, தட்டான் 6, மெலிந்த மின்னோ மேஃப்ளை (நீரில் வளரும் ஒரு பூச்சி) 5: கூட்டினால் 17, நான்கு வகைக்குச் சராசரி 4.25. அந்த மேஃப்ளையை ‘மற்ற மேஃப்ளை’ என்று எடுத்தால் அதற்கு 11, சராசரி 5.75 ஆகிவிடும். ஆறு கெட்டது கெட்டபடியே இருக்க, தாளில் மட்டும் தேறிவிடும்! சிலர் வகைகளை எண்ணாமல் பூச்சிகளை எண்ணி வகுக்கிறார்கள், அதுவும் தவறு. பூச்சி பார்க்கப் பழகிய ஒருவர், எழுத இன்னொருவர், எப்போதும் அதே இடம், ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத் தேடல். வெள்ளம் ஓடும்போது வேண்டாம்.

கே: அரித்துப்போன கரையை டி.எல்.பி. (மண் தோண்டி அள்ளும் இயந்திரம்) வைத்துச் சரிசெய்யலாமா?

ப: இது குழு தீர்மானம் போட்டு முடிக்கும் விஷயமல்ல. 1998ஆம் ஆண்டுத் தேசியத் தண்ணீர்ச் சட்டம், 21ஆம் பிரிவின்படி ஆற்றின் படுகையையும் கரையையும் மாற்றுவது தண்ணீர்ப் பயன்பாட்டில் சேரும். அதற்கு அனுமதி வேண்டுமா என்று முதலில் தண்ணீர்த் துறையிடம் கேளுங்கள். கரையில் மண்டிய உண்ணிச்செடியை வெட்டுவது வேறு. அதற்கு நிலத்துக்காரர் சம்மதம் வாங்குங்கள்.

கே: கணக்கு?

ப: வங்கியில் இரண்டு கையெழுத்து, ஒரே வீட்டார் இருவர் வேண்டாம். லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிந்திருந்தால், நிதியாண்டு முடிந்து 9 மாதத்துக்குள் பதிந்த அலுவலகத்துக்கு அறிக்கை போக வேண்டும். அது பொருளாளர், செயலாளர் இருவர் பெயரிலும் இருக்கட்டும்.