நடைபாதையில் சரிந்த மண்ணை யார் அள்ளுவது?

கேள்வி: எங்கள் வீடு மலையகத்தின் ஒரு சிறு நகரத்தில் பிரதான வீதியோரமாக இருக்கிறது. மூன்று கிழமைக்கு முன் பெய்த மழையில் எதிர்ப்பக்கத்து மண்திட்டு சரிந்து நடைபாதையையும் கானையும் மூடிவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்கு பஸ் ஓடும் வீதியில் இறங்கித்தான் நடக்கிறார்கள். சபைக் கந்தோரில் கேட்டால் "அது எங்கள் வீதி இல்லை" என்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சானோ, "இங்கே நடைபாதையில் பனி கொட்டினால் சிட்டிக்காரன் வந்து தள்ளிவிட்டுப் போவான், நீங்கள் ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார். இதை அள்ள வேண்டியது யார்? நாங்களே நாலு பேர் சேர்ந்து அள்ளிப்போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு மண்வெட்டியை எடுக்காதீர்கள்.

பனி வானத்திலிருந்து விழுவது. அள்ளினால் வேலை முடிந்தது, விட்டாலும் ஒரு நாள் உருகிவிடும். உங்கள் நடைபாதையில் கிடக்கும் மண் மேலே நிற்கும் திட்டின் ஒரு துண்டு. பல இடங்களில் அடியில் குவிந்த அந்த மண்தான் மேலே மிச்சமிருப்பதைத் தாங்கி நிற்கிறது. ஈரம் காயாமல் அடியை வெட்டினால் மேலே இருப்பதும் இறங்கும். பகலில் பெக்கோ இயந்திரம் வந்து துப்புரவாக அள்ளிப்போன இடத்தில், இரவு மழைக்கு அதே அளவு மண் மறுபடி வந்து கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஆகவே வீதியின் இந்தப் பக்கம் நின்று மேலே பாருங்கள். திட்டின் உச்சியில் வெடிப்பு தெரிகிறதா? மரமோ விளக்குக் கம்பமோ சாய்ந்திருக்கிறதா? புதிதாக ஊற்று கிளம்பியிருக்கிறதா, வரும் தண்ணீர் சேறாக இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் விஷயம் நடைபாதையோடு முடியாது. கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வந்து பார்த்துச் சொல்லும்வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம். அந்த நிறுவனத்தின் கணக்குப்படி 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 தாண்டினால் வெளியேறிவிட வேண்டும். மழைமானி இல்லையென்றால் வாயும் அடியும் ஒரே அகலமான தகர டின்னை முற்றத்தில் வைத்து அடிமட்டத்தால் அளந்தாலும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை மறந்தவர்கள் யாரும் நம்மில் இல்லை.

சரி, அப்படி எந்த அடையாளமும் இல்லை, வெறும் மண்தான் என்றால் அது யார் வேலை? வீதி யாருடையதோ அவர்களுடையது. ஏ, பி என்ற எழுத்தோடு இலக்கமிட்ட வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம், நாம் ஆர்.டி.ஏ. என்போமே, அதுதான். சி, டி வீதிகளை மாகாணம் பார்க்கிறது. மிச்சமுள்ள ஊர் வீதிகளும் சந்துகளும்தான் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளின் பொறுப்பு. நம் நகரங்களில் கடைவீதியே பெரும்பாலும் ஏ வீதிதான். ஹட்டன் வழியாக ஏ7 போகிறது, நுவரெலியா வழியாக ஏ5, பண்டாரவளை வழியாக ஏ16. எனவே கந்தோரில் சொன்ன பதில் சரியாகவும் இருக்கலாம். ஆனால் "எங்களுடையது இல்லை" என்று சொல்பவர் யாருடையது என்றும் சொல்ல வேண்டும் அல்லவா? கிலோமீற்றர் கல்லில் அல்லது பெயர்ப்பலகையில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

தோட்ட வீதி என்றால் இன்னொரு சிக்கல். தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவழிக்க 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் நெடுங்காலம் தடையாக இருந்தது. 2018இல் அதைத் திருத்திவிட்டார்கள். இன்றைக்கும் யாராவது பழைய சட்டத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினால், திருத்தத்தை ஞாபகப்படுத்துங்கள்.

மச்சானுக்கும் ஒரு வார்த்தை. அவர் சொல்வது அவருடைய ஊருக்குச் சரி. அதே பனி நியூயோர்க்கில் விழுந்தால் வீட்டு முன் நடைபாதையை வீட்டுக்காரரே துப்புரவாக்க வேண்டும். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோவிலும் நடைபாதைப் பனியில் வழுக்கி விழுந்தவர் பொதுவாக 10 நாட்களுக்குள் நகரசபைக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதன் பிறகும் பாரதூரமான அலட்சியம் என்று காட்டினால்தான் நட்டஈடு. அங்கேயும் கடிதம் எழுதாமல் காரியம் நடப்பதில்லை.

நீங்களும் எழுதுங்கள். எந்த இடம், எந்தக் கிலோமீற்றர் கல்லுக்குப் பக்கம், என்றைக்குச் சரிந்தது, பிள்ளைகள் எந்த நேரத்தில் வீதியில் நடக்கிறார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். இரண்டு படம் இணைத்து வீதிக்குரியவர்களுக்கு அனுப்பி, சபைச் செயலாளருக்கும் பிரதேச செயலாளருக்கும் பிரதி கொடுங்கள். வீதி யாருடையது என்றே தெரியாவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும். எங்கே கொடுத்தாலும் உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் வெளியே வராதீர்கள்.