ஊட்டி சூரியனுக்குப் பக்கம்தானே? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வெயில், காற்று, நிலம் என்றே இருந்தன. அக்னி நட்சத்திரம் முடிந்து மேல்காற்று எடுக்கிற நேரம் என்பதால் இருக்கலாம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன். இந்த வருடம் மழை எப்படி என்று கேட்டவர்கள் மன்னிக்க, அது பஞ்சாங்கக்காரர் பாடு.

“ஊட்டி நம்மளவிட உயரத்துல இருக்குது, அப்படீன்னா சூரியனுக்கு இன்னும் பக்கம்தானே? அப்புறம் ஏனுங்க அங்க குளிருது? ஏழாவது படிக்கிற பையன் கேட்கிறான், எனக்குப் பதில் சொல்லத் தெரியலீங்க.” – வாசகி, கோபிசெட்டிபாளையம்

பையன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். பக்கம்தான், ஆனால் எவ்வளவு பக்கம்? ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம், கோபி 200 மீட்டர் சொச்சம். வித்தியாசம் 2 கிலோமீட்டர். சூரியனோ 15 கோடி கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இன்னொரு வேடிக்கையும் சொல்லுங்கள் அவனிடம்: ஜனவரி முதல் வாரத்தில், அதாவது நல்ல மார்கழியில், பூமி சூரியனுக்கு மிக அருகில் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கும். ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடிக்குப் போய்விடும். 50 லட்சம் கிலோமீட்டர் கிட்டே போன மாதத்தில்தான் நாம் போர்வையைத் தேடுகிறோம். அதனால் தூரத்தை மறந்துவிடலாம்.

காற்றைச் சூடாக்குவது பெரும்பாலும் சூரியன் நேரடியாக அல்ல, தரைதான். வருகிற வெயிலில் சுமார் 30 சதவீதம் மேகம், தூசி, தரை எல்லாவற்றிலும் பட்டு விண்வெளிக்கே திரும்பிவிடும், கொஞ்சத்தைக் காற்று எடுத்துக்கொள்ளும், பாதிக்குக் கிட்டத்தட்ட தரையும் கடலும் வாங்கிக்கொண்டு சூடாகி அந்தச் சூட்டை மேலே விடும். அதை நீராவியும் கரியமில வாயுவும் பிடித்துவைக்கின்றன. சரி, ஊட்டியிலும் தரை இருக்கிறதே என்று பையன் அடுத்துக் கேட்பான், கேட்க வேண்டும். அங்கே தரையும் சூடாகத்தான் செய்கிறது, பகல் வெயிலில் நின்றால் சுள்ளென்று உறைக்கும். ஆனால் மேலே உள்ள காற்று மெலிந்தது, நீராவியும் குறைவு, வந்த சூடு நிற்காமல் தப்பித்துவிடுகிறது. அதோடு கீழேயிருந்து மேலேறுகிற காற்று அழுத்தம் குறையக் குறைய விரிகிறது, விரிந்தால் குளிரும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடும், அதே டியூபின் வால்வைத் திறந்துவிட்டால் வெளியே வருகிற காற்று ஜில்லென்று இருக்கும், கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சராசரியாக ஒரு கிலோமீட்டர் ஏறினால் 6.5 டிகிரி குறையும். கோபியில் 35 என்றால் ஊட்டியில் 22. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போது கழற்றிய ஸ்வெட்டரைக் குன்னூரில் மாட்டுகிற கணக்கு இதுதான்.

“ஜூன் மாசம் கேரளாவுல மழை கொட்டுது, டிவியில வெள்ளத்தைக் காட்டறாங்க. பாலக்காடு தாண்டி நம்ம பக்கம் காத்து மட்டும்தான் வருது. காத்தாலைக்காரங்க மேகத்தை ஓட்டிவிடறாங்கன்னு ஊருல ஒரு பேச்சு. நெசமுங்களா?” – விவசாயி, பல்லடம்

இல்லீங்க. இந்தப் பேச்சு ரொம்ப நாளாகச் சுற்றுகிறது, டீக்கடையில் எடுத்துச் சொன்னாலும் எடுபடாது. காற்றாலையின் உயரம் நூறு மீட்டர், நூற்றைம்பது மீட்டர் கணக்கில்தான் வரும். மழை மேகம் பல கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்பது. காற்று பலமாக இருக்கிற இடம் பார்த்துக் காற்றாலை வைத்தார்கள், அந்தக் காற்றோ உங்களிடம் வரும் முன்பே மழையைக் கொட்டிவிட்டு வருகிறது. காரியத்தைக் காரணமாக்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

நடப்பது இது. தென்மேற்குக் காற்று அரபிக்கடலின் ஈரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மலையில் மோதுகிறது. போக வழியில்லாமல் மேலே ஏறுகிறது, ஏறினால் குளிர்கிறது. மேகம் ஆகிற வரை கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குறையும். மேகம் ஆகத் தொடங்கிவிட்டால் நீராவி தண்ணீராக மாறும்போது ஒளித்துவைத்திருந்த வெப்பத்தை வெளியே விடும், அதனால் அப்புறம் கிலோமீட்டருக்கு 5 டிகிரி வாக்கில்தான் குறையும். இந்த வித்தியாசத்தில்தான் நம் தலையெழுத்து இருக்கிறது, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கேரளச் சமவெளியில் 30 டிகிரியில் கிளம்பிய காற்று 500 மீட்டரில் மேகமாகி 2,000 மீட்டர் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். முதல் 500 மீட்டரில் 5 டிகிரி போகும், அடுத்த 1,500 மீட்டரில் ஏழரை போகும், உச்சியில் பதினேழரை. மழையை மேற்குச் சரிவிலேயே கொட்டியாயிற்று. இனி இந்தப் பக்கம் 400 மீட்டருக்கு இறங்கும்போது அமுங்கிச் சூடாகும், இப்போது மேகம் இல்லாததால் கிலோமீட்டருக்கு முழு 10 டிகிரி. 1,600 மீட்டர் இறக்கத்துக்கு 16 டிகிரி, கூட்டினால் 33.5. கிளம்பிய இடத்தைவிடச் சூடாகவும் காய்ந்தும் வந்து சேர்கிறது. இப்படிப்பட்ட காற்றில் மேகம் வந்தாலும் கரைந்துதான் போகும். மலைமேல் வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாறில் வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, கோவை நகரத்தில் 700-ஐ ஒட்டி, காரணம் இதுதான்.

பாலக்காட்டுக் கணவாய் வேறு கதை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை. அங்கே காற்று ஏற வேண்டியதில்லை, அதனால் பெரிதாக மழையும் பெய்வதில்லை. ஆனால் குளுமையும் கொஞ்சம் மேகமும் கலையாமல் உள்ளே வந்துவிடும். பொள்ளாச்சிப் பக்கம் விழுகிற சாரல் அதன் மிச்சம், பல்லடம் வருவதற்குள் அதுவும் ஓய்ந்துவிடும். இரண்டு பக்கமும் மலை நெருக்குவதால் வேகம் மட்டும் கூடுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து எடுக்கக்கூடிய சக்தி எட்டு மடங்காகும், அதனால்தான் பல்லடம், பொங்கலூர், உடுமலை என்று வரிசையாக நட்டிருக்கிறார்கள்.

நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான், அது கிழக்கே வங்காள விரிகுடாவிலிருந்து வருவது. ஆனால் மேற்கே பெய்கிற மழையில் உங்களுக்குப் பங்கே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். மேற்கே கடலுக்கு ஓடுகிற ஆறுகளை மலைக்குள் அணைகட்டி மறித்து, குகை வழியாகக் கிழக்கே திருப்பியதுதான் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம். பிஏபி வாய்க்காலில் தண்ணீர் வரும்போது அது மலைக்கு அந்தப் பக்கத்து மழை என்று நினைத்துக்கொள்ளுங்கள். முறை வைத்து விடுகிற தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்கிறதா என்பது வேறு வழக்கு, அதை இங்கே இழுக்கவில்லை.

“திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் போர்டுல கடல் மட்டத்துக்கு மேல இத்தனை மீட்டர்னு போட்டிருக்கு. அதே இடத்துல நின்னு போன்ல ஒரு ஆப் போட்டுப் பார்த்தா 90 மீட்டர் கம்மியாக் காட்டுது. எது பொய்?” – வாசகர், திருப்பூர்

இரண்டும் நிஜம். இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் இவ்வளவு பெரிய வித்தியாசம் வருவது உலகத்தில் நம் பக்கம்தான்.

ரயில்வே போர்டு உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து சொல்கிறது. செயற்கைக்கோளை வைத்துக் கணக்கிடுகிற போன், கணிதத்துக்காக வரைந்துகொண்ட ஒரு வழவழப்பான பூமியிலிருந்து உயரம் சொல்கிறது. துருவத்தில் லேசாகத் தட்டையான உருண்டை அது. நிஜக் கடல் மட்டம் அந்த உருண்டையோடு ஒட்டிப் போவதில்லை. பூமிக்குள் பாறையின் அடர்த்தி எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை, அதனால் ஈர்ப்பும் ஒன்றாக இல்லை, கடலும் அதற்கேற்ப மேடு பள்ளமாகவே நிற்கிறது. உலகத்திலேயே பெரிய பள்ளம் இந்தியாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, அந்த உருண்டையைவிட 100 மீட்டருக்கு மேல் தாழ்வு. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது, கொங்குப் பகுதியில் அது 90 மீட்டர் வாக்கில் வரும். உங்கள் போன் குறைத்துக் காட்டியது அதைத்தான். கன்னியாகுமரி கடற்கரையில் நின்று அதே ஆப்பைப் பார்த்தால் மைனஸில் காட்டும், பயந்துவிட வேண்டாம். சில ஆப்கள் இதைத் தாமே திருத்திக்கொள்கின்றன, செட்டிங்கில் கடல் மட்டம் என்று ஒரு தேர்வு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கப்பல் அந்தப் பள்ளத்தில் சறுக்காதா என்று கேட்டு எழுத வேண்டாம், சறுக்காது. தண்ணீர் ஓடுவது ஈர்ப்பு இழுக்கிற திசையில், கடல் பரப்பு எங்குமே அந்த இழுப்புக்குச் செங்குத்தாகத்தான் நிற்கிறது.

“கல்யாணமாகி குன்னூர் வந்திருக்கிறேன். பருப்பு வேகவே மாட்டேங்குது. அத்தை தண்ணி சரியில்லைங்கறாங்க.” – வாசகி, குன்னூர்

தண்ணீர் உப்பாக இருந்தாலும் பருப்பு வேகாதுதான், அத்தையை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். ஆனால் குன்னூர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கரில் வையுங்கள், ஒரு விசில் கூட விடுங்கள்.

“கோத்தகிரி பக்கம் சரிவுல டீத்தோட்டம் வாங்கினோம். டேப் வெச்சு அளந்தா பத்திரத்துல இருக்கறதவிட அதிகமா வருது. வித்தவர் ஏமாந்துட்டாருங்களா?” – வாசகர், மேட்டுப்பாளையம்

சந்தோஷப்படும் முன் ஒரு நிமிஷம். நீங்கள் டேப்பைத் தரையோடு சரிவில் படுக்கவைத்து அளந்திருப்பீர்கள். பத்திரமும் புலப்படமும் சொல்வது மட்டமான பரப்பை, அதாவது நேர் மேலேயிருந்து பார்த்தால் நிலம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ அதை. 30 டிகிரி சரிவில் தரையோடு 100 அடி அளந்தால் படத்தில் அது 86.6 அடிதான். பழைய சர்வேயர்கள் சரிவில் சங்கிலியை மட்டமாகத் தூக்கிப் பிடித்து, நுனியில் தூக்குக்குண்டு விட்டுப் படிப்படியாக இறங்கி அளப்பார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. மழை விழுவதும் மட்டப் பரப்புக்குத் தக்கதுதான், செடியும் சரிவுக்குச் செங்குத்தாகச் சாய்ந்து வளர்வதில்லை, வானத்தைப் பார்த்துத்தான் வளர்கிறது.

இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களில் 58 ஏ/15 என்ற தாள் கிடைத்தால் பாருங்கள், உங்கள் ஊரும் கோத்தகிரியும் ஒரே தாளில் வரும். படத்தில் 2 சென்டிமீட்டர், நிலத்தில் 1 கிலோமீட்டர். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கிற பழுப்புக் கோடுகள் மேட்டுப்பாளையம் பக்கம் எட்ட எட்டக் கிடக்கும். மலைச் சரிவு வந்ததும் ஒன்றோடொன்று ஒட்டி, எண்ண முடியாமல் நெருங்கிவிடும். கோடு நெருங்கினால் சரிவு செங்குத்து, அவ்வளவுதான் அந்தப் படத்தின் ரகசியம்.

அளப்பதில் எவ்வளவு மெனக்கெட்டார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1802-ல் சென்னையில் வில்லியம் லாம்டன் தொடங்கிய பெரும் நில அளவையில், 1806-ல் கோவைக்குப் பக்கத்திலும் ஓர் அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையாக வைத்துக்கொள்கிற ஒரு நேர்கோடு, அளந்தார்கள். 100 அடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் நீட்டிவைத்து, பெட்டிக்குள் வெப்பமானியும் வைத்தார்கள். வெயிலில் சங்கிலி நீளுமே, அதற்காக. 10 டிகிரி சூடு கூடினால் அந்தச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் நீளும், ஒவ்வொரு முறைக்கும் அதைக் கழித்து எழுதினார்கள். நாம் தோட்டத்தில் டேப் பிடிக்கிறபோது ஒரு முனையைச் சின்னப் பையன் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறோம்.

“மத்தியானம் 12 மணிக்குச் சூரியன் உச்சியில இருக்கணும். எங்க வாசல் கம்பத்து நிழல் அப்பவும் மேற்கே சாஞ்சிருக்கு. வாஸ்துக் குறையா?” – வாசகர், பேரூர்

வாஸ்து பாவம், அதை விடுங்கள். இந்தியாவின் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. கோவை இருப்பது 77 டிகிரியில். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம், ஐந்தரை டிகிரிக்கு 22 நிமிடம். ஆக நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 22 நிமிடத்துக்கு. பூமி சுற்றுகிற பாதை சரியான வட்டமில்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது, அதனால் நவம்பர் தொடக்கத்தில் 12.06-க்கே வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12.36 ஆகும். சித்திரை முதல் வாரத்தில், ஏப்ரல் 18, 19 வாக்கில் அந்த நேரம் பார்த்து வெளியே வாருங்கள், கம்பத்துக்கு நிழலே இருக்காது. ஆவணியில் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டி இன்னொரு முறையும் கிடைக்கும், மேகம் விட்டால்.

“டிவியில 39 டிகிரிங்கறாங்க, என் பைக் மீட்டர் 46 காட்டுது. கவர்மென்ட் குறைச்சுச் சொல்லுதா?” – வாசகர், ஈரோடு

வானிலைத் துறையினர் அளப்பது காற்றின் வெப்பத்தை. வெள்ளை அடித்த, காற்றோட்டத்துக்குப் பட்டி வைத்த மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து ஓர் ஆள் மார்பு உயரத்தில், வெயில் நேராகப் படாமல் அளக்கிறார்கள். உங்கள் பைக் தன் டாங்கின் சூட்டையும் தார்ரோட்டின் சூட்டையும் சேர்த்துச் சொல்கிறது. ரோட்டில் நிற்கிற உங்கள் உடம்புக்குப் பைக் சொல்வதுதான் நெருக்கம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வேப்பமர நிழலில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டுச் சாவியைத் திருகிப் பாருங்கள், 40-க்குப் பக்கத்தில் வந்திருக்கும்.