நெட் ரன்ரேட் என்றால் என்ன? புள்ளிகள் சமமாக இருந்தும் ஒரு அணி வெளியேறுவது எப்படி?

ஒரு தொடர் முழுக்க ஒரு அணி ஓவருக்குச் சராசரியாக எத்தனை ரன் எடுத்தது, எத்தனை ரன் கொடுத்தது என்று பார்த்து, முதலாவதில் இருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பதே நெட் ரன்ரேட். வெற்றிக்குப் புள்ளி கிடைக்கிறது. ஆனால் எவ்வளவு வித்தியாசத்தில் வென்றார்கள் என்பது புள்ளியில் தெரியாது. அதற்குத்தான் இது.

2019 உலகக் கோப்பையில் நியூசிலாந்தும் பாகிஸ்தானும் தலா 5 வெற்றி, 11 புள்ளி. நியூசிலாந்துக்கு +0.175, பாகிஸ்தானுக்கு -0.430. அரையிறுதிக்குப் போனது நியூசிலாந்து. பாகிஸ்தானைக் கவிழ்த்தது பெரும்பாலும் அவர்களுடைய முதல் ஆட்டம்தான். வெஸ்ட் இண்டீஸிடம் 21.4 ஓவரில் 105 ரன்னுக்குச் சுருண்டார்கள், எதிரணி 13.4 ஓவரிலேயே 108 அடித்துவிட்டது. ஆல் அவுட் ஆனால் ஆடிய ஓவர் கணக்கில் வராது, முழு ஒதுக்கீடான 50 ஓவரால் வகுப்பார்கள். ஆக, 105-ஐ 50 ஆல் வகுத்தால் ஓவருக்கு வெறும் 2.1. கொடுத்ததோ 7.9. அந்தப் பள்ளத்தில் இருந்து எழுந்து வருவது லேசுப்பட்ட காரியமில்லை. (13.4 என்பது 13 ஓவரும் 4 பந்தும். கால்குலேட்டரில் அப்படியே போட்டால் விடை தப்பும்.)

பலர் ஒவ்வொரு ஆட்டத்தின் நெட் ரன்ரேட்டையும் தனித்தனியே கண்டுபிடித்துச் சராசரி எடுக்கிறார்கள். அது தவறு: பைக் மைலேஜுக்கு மொத்தக் கிலோமீட்டரை மொத்தப் பெட்ரோலால் வகுப்பது போல, இங்கும் தொடரின் மொத்த ரன்னை மொத்த ஓவரால்தான் வகுக்க வேண்டும்.