கஸோர்லாவின் இரண்டு கால்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பெயின் கால்பந்து அணியின் பொற்காலத்தைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையில் ஷாவி, இனியெஸ்டா, புஸ்கெட்ஸ், ஷாபி அலோன்ஸோ ஆகியோருக்குத் தனித்தனிப் பத்திகள் இருந்தன. சாந்தி கஸோர்லாவுக்கு ஒரே ஒரு வரி. அது சரிதானோ என்றும் தோன்றுகிறது. அவர் உலகக் கோப்பை வென்றதில்லை. பார்சிலோனாவுக்கோ ரியல் மாட்ரிட்டுக்கோ ஆடியதில்லை. அவர் பெயரைத் தேடினால் முதலில் வருவதே அந்தக் கணுக்காலின் புகைப்படம்தான். காயத்தால் பாழான வாழ்க்கை என்றுதானே அதைக் கொள்ளவேண்டும்? வயதான பின் சொந்த ஊர்க் கழகமான ஓவியேடோவுக்குத் திரும்பியதும் நெகிழ்ச்சியான செய்தி என்பதைத் தாண்டி, ஆட்டம் என்ற வகையில் பொருட்படுத்தத் தக்கதா? அவருடைய ஆட்டத்தை நான் முழுமையாகப் பார்த்ததில்லை. பார்ப்பதென்றால் எதிலிருந்து தொடங்கலாம்?

ர.

அன்புள்ள ர. அவர்களுக்கு,

அந்தக் கட்டுரை, 2010 ஜூலையில் ஜோகன்னஸ்பர்கில் இறுதியாட்டம் ஆடிய நடுகளத்தைப் பற்றியது. முதுகெலும்பு வட்டு பிதுங்கிய கோளாறினால் கஸோர்லா அந்த உலகக் கோப்பைக்கே செல்லவில்லை. ஆகவே அங்கே அவருக்கு ஒரு வரிக்கு மேல் இடமில்லை. ஆனால் "பாழான வாழ்க்கை" என்ற தங்கள் சொற்களோடு எனக்கு உடன்பாடில்லை. காயத்தின் கதை கேட்பதற்கு அவ்வளவு பயங்கரமாக இருப்பதால், அதைச் சொல்பவர்கள் எல்லோரும் காலைப் பற்றிச் சொல்லிவிட்டு, அந்தக் கால் என்ன செய்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கஸோர்லாவுக்குப் பலவீனமான கால் என்று ஒன்று இல்லை. ஆட்டக்காரர்கள் பலர் இரண்டு காலாலும் உதைப்பார்கள்தான். ஆனால் நெருக்கடி வரும்போது பழகிய காலுக்கே திரும்பிவிடுவார்கள். கஸோர்லாவோ வலப்பக்கக் கார்னரையும் இடப்பக்கக் கார்னரையும் பந்து எந்தத் திசையில் வளையவேண்டும் என்பதைப் பார்த்துக் கால் மாற்றி அடிப்பவர். இரு கையாலும் வில் வளைத்த அர்ச்சுனனைச் சவ்யசாசி என்பார்கள். கால்பந்தில் அந்தப் பட்டத்துக்கு உரியவர் யார் என்று கேட்டால் நான் தயங்காமல் இவரைச் சொல்வேன்.

இது வெறும் வித்தை அன்று. நடுகளத்தில் பந்தைப் பெறுகிற ஒருவரை எதிரணி எப்படி மடக்குகிறது என்று கவனியுங்கள். அவருடைய நல்ல காலின் பக்கத்தை அடைத்துக்கொண்டு ஓடிவருவார்கள். அவர் மற்றக் காலுக்குப் பந்தை மாற்ற எடுத்துக்கொள்ளும் அந்த அரை நொடியில் இரண்டாவது ஆள் வந்து பறிப்பார். கஸோர்லாவிடம் அடைப்பதற்கு ஒரு பக்கம் கிடையாது. இடது காலால் பந்தை நிறுத்தி, எதிராளி அந்தப் பக்கம் சாய்ந்ததும் வலது காலால் அதே இடத்திலிருந்து வெளியே தட்டிவிடுவார். சாயாவிட்டால் இடது காலாலேயே பாஸ் கொடுத்துவிடுவார். 168 சென்டிமீட்டர் உயரமே உள்ள, வேகத்தில் பெயர் பெறாத ஒருவர், உடல்வலுவுக்குப் பேர்போன இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் நடுகளத்தின் அடியாழத்தில் நின்று ஆட முடிந்ததற்கு இதைவிட வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அவர் அங்கே போய்ச் சேர்ந்த வழி சுற்றுவழி. 1984இல் அஸ்தூரியாஸ் மாநிலத்தின் யானேராவில் பிறந்து, அருகிலிருந்த ரியல் ஓவியேடோ கழகத்தின் இளையோர் அணிகளில் வளர்ந்தவர். 2003இல் அந்தக் கழகம் இரண்டாம் பிரிவிலிருந்து கீழிறங்கியது. ஆட்டக்காரர்களின் சம்பளப் பாக்கியைத் தீர்க்க இயலாததால் இன்னொரு படியும் இறக்கப்பட்டு நான்காம் நிலைக்கே போய்விட்டது. முதல் அணிக்கு ஓர் ஆட்டம்கூட ஆடாத கஸோர்லா, 18 வயதில் வில்லாரியலுக்குப் போனார். 2006இல் வில்லாரியல் அவரை உவெல்வா நகரின் ரெக்ரியாடிவோவுக்கு விற்றது, திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு. முதல் பிரிவுக்கு அப்போதுதான் ஏறி வந்திருந்த அந்தச் சிறிய கழகம் அந்தப் பருவத்தில் எட்டாமிடம் பிடித்தது; மாட்ரிட்டின் பெர்னபேயூ அரங்கிலேயே ரியல் மாட்ரிட்டை 3-0 என்று தோற்கடித்தது. வில்லாரியல் உடனே தன் உரிமையைப் பயன்படுத்தி அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அடுத்த பருவத்தில் ஸ்பெயினின் முதல் பிரிவான லா லிகாவில் அவர்களுக்கு இரண்டாமிடம்.

2008 ஐரோப்பியக் கோப்பையில் ஸ்பெயின் பயிற்சியாளர் லூயிஸ் அரகோனெஸ் அவரைப் பெரும்பாலும் மாற்று ஆளாகவே இறக்கினார். ஆனாலும் இத்தாலிக்கு எதிரான காலிறுதி பெனால்டிக்குப் போனபோது, டேவிட் வியாவுக்கு அடுத்து இரண்டாவதாக அடித்து கோலாக்கியவர் அவர்தான். தேசிய அணிக்கு அவர் ஆடியது 81 ஆட்டங்கள். 2008, 2012 இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளும் அவர் கணக்கில் உண்டு. ஷாவி, இனியெஸ்டா, சில்வா, ஃபாப்ரேகாஸ், மாதா எல்லோரும் ஒரே காலத்தில் இருந்த நாட்டில் 81 முறை அழைக்கப்பட்டவரை உலகக் கோப்பை இல்லை என்று ஒதுக்குவது நியாயமாகப் படவில்லை.

பிறகு ஸ்பெயினின் மாலகா கழகத்தில் ஒரே பருவம். அவர்கள் நான்காமிடம் பிடித்து முதன்முறையாகச் சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதி பெற்ற கையோடு கழகத்தில் பணநெருக்கடி முற்றியது. 2012இல் லண்டனின் ஆர்சனல் கழகம் அவரை வாங்கியது. இங்கிலாந்தின் 2014 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் பலருக்கும் நினைவிருக்கும். ஹல் சிட்டி முதல் பத்து நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டுவிட்டது. ஒன்பது ஆண்டுகளாகக் கோப்பை எதுவும் காணாத ஆர்சனல் ரசிகர்கள் உறைந்து கிடந்தபோது, 17ஆம் நிமிடத்தில் ஏறத்தாழ 25 கஜத்திலிருந்து கஸோர்லா அடித்த ஃப்ரீ கிக் கோல்கீப்பரின் கைக்கு எட்டாமல் உள்ளே போயிற்று. அந்த ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்றார்கள். அதற்கு முன் விகனுக்கு எதிரான அரையிறுதியில் வெற்றிப் பெனால்டியை அடித்தவரும் இவரே.

ஆனாலும் நான் மிகவும் மதிக்கும் கஸோர்லா 2015ஆம் ஆண்டின் கஸோர்லா. அதுவரை தாக்குதல் நடுகளத்திலோ இடது ஓரத்திலோ ஆடிவந்தவரை, முப்பது வயதில், ஆர்சனல் பயிற்சியாளர் அர்சேன் வெங்கர் பின்னுக்கு இழுத்து ஃபிரான்சிஸ் கொக்லானுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கொக்லான் பந்தைப் பறிப்பார். கஸோர்லா அதை வெளியே கொண்டுவருவார். பந்தைப் பறிகொடுத்தால் கோல் விழுந்துவிடும் இடத்தில், ஒருமுறைகூடப் பதறாமல் ஆடுவது என்பது மாய வித்தைக்காரர் என்று பெயர் வாங்கியவர் தம் வித்தைகளைச் சுருக்கிக்கொண்டு செய்யவேண்டிய வேலை. அதை அவர் மகிழ்ச்சியோடு செய்தார். ஆடும்போது முகத்தில் சிரிப்பு மாறாத ஆட்டக்காரர்கள் மிகச் சிலர்; அவரை நான் மதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இனிக் காயம். 2013 செப்டம்பரில், ஜெனீவாவில் சிலிக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் கணுக்காலில் பட்ட அடியிலிருந்து அது தொடங்குகிறது. எலும்பில் கீறல். அந்த வலியோடுதான் மேலே சொன்னவற்றையெல்லாம் ஆடினார்; இடைவேளையில் உட்கார்ந்ததும் கால் இறுகிவிடும், குளிர்காலங்களில் வலி பொறுக்காமல் அழுததுண்டு என்று பின்னாளில் அவரே சொன்னார். 2016 அக்டோபர் 19 அன்று லுடோகோரெட்ஸுக்கு எதிராக ஆடியதே ஆர்சனலுக்கு அவரது கடைசி ஆட்டம். அதன்பின் அறுவைச் சிகிச்சைகள், பிரிந்துபோன தையல்கள், ஆறாத புண், உள்ளே நுழைந்த கிருமிகள். ஆடுதசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாரில் ஏறத்தாழ 8 சென்டிமீட்டரைத் தொற்று அரித்துவிட்டது. காலையே இழக்க நேரிடலாம் என்ற நிலை. மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தாலே போதுமென்று இருக்கும்படி மருத்துவர்கள் சொன்னார்களாம். ஸ்பெயினின் விட்டோரியாவில் தசைநாரைச் சீரமைத்து, கையிலிருந்து தோலை எடுத்துக் கணுக்காலில் ஒட்டினார்கள். கையில் பச்சை குத்தியிருந்த மகளின் பெயரில் ஒரு பாதி காலுக்குப் போயிற்று. தாங்கள் பார்த்த புகைப்படம் அதுதான். அந்தப் படம் 2017ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கதையை அதோடு நிறுத்திவிடுவதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

ஏனென்றால் 21 மாதங்களுக்குப் பிறகு, 2018 ஜூலையில், வில்லாரியல் சட்டையோடு அவர் ஒரு நட்பு ஆட்டத்தில் இறங்கினார். 2019 ஜனவரியில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக இரண்டு கோல் போட்டு ஆட்டத்தை 2-2 என்று முடித்துவைத்தார்; 82ஆம் நிமிடத்தில் வந்த இரண்டாவது கோல் தலையால் முட்டியது! அடுத்த பருவத்தில், 35 வயதில், லா லிகாவில் மட்டும் 11 கோல். வில்லாரியல் ஐந்தாமிடம் பிடித்தது. தேசிய அணியும் திரும்ப அழைத்தது. 2019 நவம்பரில் மால்டாவுக்கு எதிராக கோல் போட்டார். இதை அனுதாபத்தில் கிடைத்த இடம் என்று யாரும் சொல்ல முடியாது. பிறகு கத்தாரின் அல் சாத் கழகத்தில் மூன்று ஆண்டுகள். அங்கே முதலில் அவருக்குப் பயிற்சியாளராக இருந்தவர் ஷாவி.

ஓவியேடோவைப் பற்றித் தாங்கள் கேட்டது நல்ல கேள்வி. நெகிழ்ச்சி உண்டு, மறுப்பதற்கில்லை. 2012இல் அந்தக் கழகம் மூடப்படும் நிலைக்கு வந்து, ஒன்று 10.75 யூரோ என்று பங்குகளை விற்றுப் பிழைத்தபோது, உலகெங்கும் இருந்து வாங்கிய ரசிகர்களோடு கஸோர்லா, மாதா, மிச்சு என அங்கே வளர்ந்த ஆட்டக்காரர்களும் வாங்கினார்கள். 2023இல் திரும்பியபோது சம்பளமே வேண்டாம் என்றார். விதி அதற்கு இடம் தராததால், விதித்திருக்கும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். தம் பெயர் பொறித்த சட்டை விற்பனையில் பத்தில் ஒரு பங்கு இளையோர் பயிற்சிக்குப் போகவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். சம்பளப் பாக்கியால் சரிந்த கழகத்திலிருந்து வெளியேற நேர்ந்த ஒருவர் போட்ட நிபந்தனை என்பதால் அதற்குத் தனிப் பொருள் உண்டு.

ஆனால் ஆட்டம்? 2024இல் முதல் பிரிவுக்கு ஏறுவதற்கான தகுதிச்சுற்றின் இறுதியில் ஓவியேடோ எஸ்பான்யோலிடம் தோற்றது. 2025இல் மறுபடி அந்தச் சுற்று. அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் அல்மேரியா முந்தியிருந்தபோது கஸோர்லாவின் ஃப்ரீ கிக் அதைச் சமன் செய்தது. இறுதியில் மிராண்டேஸிடம் முதல் ஆட்டத்தை 0-1 என்று தோற்று, ஊர் திரும்பி, அங்கேயும் முதல் கோலை வாங்கிக்கொண்ட பிறகு, பெனால்டி கிடைத்தது. 40 வயதுக்காரர் அதை அடித்தார். கூடுதல் நேரத்தில் 3-1 என்று வென்று, 24 ஆண்டுகளுக்குப் பிறகு ஓவியேடோ முதல் பிரிவுக்கு ஏறியது. அந்த இரண்டு கோல்களையும் கழித்துவிட்டுப் பாருங்கள். ஏற்றம் கிடைத்திருக்குமா என்பது ஐயம்தான்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். கோல்களைத் தொகுத்த காணொளிகளைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்; அவற்றில் கஸோர்லாவில் பாதிதான் கிடைக்கும். 2015 ஜனவரி 18 அன்று மான்செஸ்டர் சிட்டியின் அரங்கில் ஆர்சனல் 2-0 என்று வென்ற ஆட்டத்தை முழுவதுமாகப் பாருங்கள். முந்தைய பருவத்தில் அதே அரங்கில் ஆர்சனல் 6-3 என்று தோற்றிருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கோல் கஸோர்லா அடித்த பெனால்டி. இரண்டாவது அவருடைய ஃப்ரீ கிக்கை ஜிரூ தலையால் முட்டியது. அவை போகட்டும். பந்து பெரும்பாலும் சிட்டியிடம்தான் இருக்கும். அது ஆர்சனலுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு முறையும் 19ஆம் எண் சட்டையைத் தேடுங்கள். இரண்டு மூன்று பேர் சூழ்ந்திருக்கும்போது அவர் எந்தக் காலால் நிறுத்துகிறார், எந்தக் காலால் வெளியேறுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். பார்த்த பிறகு எழுதுங்கள்.

அன்புடன்.