பரிசோதனையில் தெரியாத வலி

அன்புள்ள ஐயா,

அப்பா இறந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. அதுவரை திருத்துறைப்பூண்டிப் பக்கம் சொந்த வீட்டில் இருந்த அம்மாவை (வயது 63) இப்போது சென்னையில் நானும் கோவையில் தம்பியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். சில மாதங்களாக அவருக்கு நெஞ்சில் பாரம், உள்ளங்கால் எரிச்சல், முதுகுவலி, இரவில் தூக்கமில்லை. இசிஜி, எக்கோ, சர்க்கரை, தைராய்டு, முதுகுக்கு எம்ஆர்ஐ வரை எடுத்தாயிற்று. எதிலும் குறை இல்லை. "உடம்பில் ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்" என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஊருக்குத் திரும்பிப் போவதற்காக அம்மா நடிக்கிறார் என்பது தங்கையின் கட்சி. மனக்கவலை உடலை இந்த அளவுக்கு வாட்டுமா? அவரை எப்படித் தைரியப்படுத்துவது?

ச., சென்னை

அன்புள்ள ச.,

நான் மருத்துவன் அல்ல. இத்துறையில் வெளிவரும் ஆய்வுகளைத் தொடர்ந்து படிப்பவன் என்ற அளவில் எழுதுகிறேன். உங்கள் அம்மா நடிக்கிறார் என்று கருதுவதற்கு உங்கள் கடிதத்தில் எந்த ஆதாரமும் எனக்குத் தென்படவில்லை. எக்கோ இதயத்தின் அமைப்பையும் இயக்கத்தையும் காட்டும், எம்ஆர்ஐ தண்டுவடத்தையும் அதைச் சுற்றியுள்ளவற்றையும் காட்டும். வலியை நேரடியாகக் காட்டும் பரிசோதனை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. தேடிப் பார்த்த நோய்கள் இல்லை என்பது மட்டுமே அந்த முடிவுகளின் பொருள்.

மனக்கவலை உடலை வாட்டுமா என்ற கேள்விக்கு, வாட்டும் என்பதே பதில். எந்த அளவுக்கு என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1969இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, 55 வயதைக் கடந்த, மனைவியை இழந்த 4,486 ஆண்களைப் பின்தொடர்ந்தது. முதல் ஆறு மாதங்களில் அவர்களிடையே இறப்பு, அதே வயதுடைய மணமான ஆண்களிடம் எதிர்பார்க்கக்கூடியதைவிட 40 சதவீதம் அதிகமாக இருந்தது; மிகுதியான இறப்புகளில் பெரும்பங்கு இதயநோயால் நேர்ந்தது. 1995இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் நடந்த ஆய்வு சிறியது, ஆனால் எனக்கு அதுவே கூடுதல் வியப்பைத் தந்தது. மறதி நோய் கண்ட உறவினரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் 13 பெண்களுக்கும், அத்தகைய சுமை இல்லாத 13 பெண்களுக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரியான சிறு காயத்தை உண்டாக்கி, அது ஆறும் வரை பார்த்தார்கள். பராமரிப்பாளர்களின் காயம் ஆறுவதற்குச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. தோலில் ஏற்பட்ட காயத்தை எவரும் நடித்து ஆறாமல் வைத்திருக்க முடியாது என்பதைத் தங்கையிடம் சொல்லுங்கள்.

இது நிகழும் வழியும் ஓரளவு தெளிவாகியிருக்கிறது. அச்சமோ துயரமோ நேரும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, அது சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டி, கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. சில மணி நேரம் நீடிக்கும் நெருக்கடிக்கு இந்த ஏற்பாடு உதவும். மாதக்கணக்கில் நீடித்தால் தூக்கம் கெடுகிறது, நோய் எதிர்ப்பு ஒழுங்கு குலைகிறது, வலியுணர்வு கூர்மையாகிறது. கூர்மையான வலி மறுபடியும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இவ்வளவையும் ஒப்புக்கொள்பவர்கள்கூட அடுத்ததாகச் சொல்வது, "அப்படியானால் மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளட்டும்" என்பதைத்தான். உங்கள் கடைசிக் கேள்வியும் அதுவே. எனக்கு உடன்பாடில்லாத இடமும் அதுதான். ஒருவருடைய மனநிலையை அவர் வாழும் நிலையிலிருந்து பிரித்தெடுத்து, அதைச் சரிசெய்யும் பொறுப்பை அவர் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை; அதில் பயன் கிடைப்பதும் அரிது. லண்டனில் 1967 முதல் சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வை இங்கே நினைவுகூர வேண்டும். அவர்கள் எல்லோரும் அலுவலகப் பணியாளர்கள், பட்டினி கிடப்பவர்கள் அல்ல, மருத்துவ வசதியும் பொதுவானது. ஆயினும் கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறக்கும் விகிதம் உயர் அதிகாரிகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி அப்படியே எஞ்சியது. 1985இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் பொதுச் சுகாதார ஆய்வாளர் மைக்கேல் மார்மட் குழுவினர் கண்ட முக்கியமான காரணங்களுள் ஒன்று, தம் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாக இருப்பது.

லண்டன் குமாஸ்தாவுக்கும் உங்கள் அம்மாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஒன்றரை ஆண்டுக்கு முன்பு வரை, என்ன சமைப்பது, யாருக்கு எவ்வளவு கடன் கொடுப்பது, தென்னை ஏறுபவரை எப்போது கூப்பிடுவது என்று தாமே முடிவெடுத்தவராக அவர் இருந்திருப்பார். இன்று எந்த மாதம் எந்த ஊரில் இருப்பது என்பதைக்கூட மகன்கள் இருவரும் பேசி முடிவு செய்கிறீர்கள். போதாக்குறைக்கு, கணவனை இழந்தவர் என்பதால் வளைகாப்பிலும் நிச்சயதார்த்தத்திலும் நம் வீடுகளில் பலர் இன்னமும் தாமாகவே பின்வரிசைக்குப் போய் அமர்கிறார்கள். போக வேண்டாம் என்று தடுப்பவர்கள் குறைவு. நீங்கள் அன்பில் குறை வைத்ததாக நான் சொல்லவில்லை. அன்பாகப் பார்த்துக்கொள்ளப்படும் ஒருவர் தம் வாழ்க்கையின் மீதிருந்த அதிகாரம் முழுவதையும் இழந்திருக்கவும் கூடும்.

உறவுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தனித்திருப்பவர்கள் ஏற்கெனவே நோயாளிகளாக இருந்திருக்கலாம், எனவே தனிமையால் நோய் வந்தது என்று எப்படிச் சொல்வது என்ற ஐயம் சரியானதே. அதற்கு விடை காண்பதுபோல், அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன் குழுவினர் ஆரோக்கியமான 276 பேரின் மூக்கில் சளி உண்டாக்கும் வைரஸை விட்டுப் பார்த்தனர். 1997இல் வெளியான முடிவின்படி, குடும்பம், நண்பர், அண்டை வீட்டார், கோவில் அல்லது சங்கம் என்று ஆறோ அதற்கு மேலோ வகையான உறவுகள் உள்ளவர்களைவிட, மூன்றோ அதற்குக் குறைவோ உள்ளவர்கள் சளிக்கு ஆளாகும் வாய்ப்பு நான்கு மடங்கு அதிகம். எத்தனை பேர் என்பதைவிட எத்தனை வகை என்பதே அங்கே கணக்கு. உங்கள் வீட்டில் அம்மாவுக்கு மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், சரி. அவர்கள் எல்லோரும் குடும்பத்தினரே. ஊரில் அவருக்குப் பக்கத்து வீடு, பால்காரர், கோவில், மளிகைக் கடை என்று எத்தனை இருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று பல்லாண்டுகள் நம்பி, நோயாளிகளைக் கவலைப்படாதே என்று சொல்லி அனுப்பினார்கள். 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அதற்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருப்பதைக் காட்டினார்கள். 2005இல் நோபல் பரிசும் பெற்றார்கள். ஆகவே "எல்லாம் மனசுதான்" என்ற வாக்கியத்தை யார் சொன்னாலும் அதோடு தேடலை முடித்துவிடாதீர்கள். பெண்களுக்கு மாரடைப்பு வழக்கமான நெஞ்சுவலியாக இல்லாமல் மூச்சுத்திணறலாகவோ கடும் அசதியாகவோ வருவதுண்டு. நெஞ்சுப் பாரம் கூடினாலோ நடக்கும்போது வந்தாலோ, பழைய இசிஜியை நம்பாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உள்ளங்கால் எரிச்சலுக்கு வைட்டமின் பி12 அளவைப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். உங்கள் பட்டியலில் அது இல்லை.

மனநல மருத்துவர் ஒருவரையும் பார்ப்பது அவசியம். நம் ஊரில் முதியவர்களின் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வெளிப்படாமல் எரிச்சல், வலி, தூக்கமின்மை என்ற உருவில்தான் வருகிறது; அது மருந்தாலும் பேச்சாலும் குணப்படுத்தக்கூடியது. நேரில் போகத் தயக்கம் இருந்தால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருந்துக் கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள்; அந்த வயதில் அது தடுமாறி விழுவதற்கு வழிவகுக்கும்.

ஊருக்குத் திரும்ப அம்மா விரும்புகிறாரா என்பதை அவரிடம் நேரடியாகக் கேட்டீர்களா? தங்கை அனுமானிக்கிறார், அவ்வளவுதான். அம்மா சொன்னதாக ஒரு வரிகூடக் கடிதத்தில் இல்லை. விரும்பினால், அதற்கு நோய் என்ற காரணம் தேவையில்லை. இரவுத் துணைக்கு ஓர் ஆளையும் அவசரத்துக்கு அழைக்க ஒரு மருத்துவரையும் அங்கே ஏற்பாடு செய்துவிட்டு, சில மாதங்கள் இருந்து பார்க்கட்டும். அங்கே போன பிறகும் வலி குறையாமல் போகலாம். அப்போதும் அவர் சொல்வதை நம்பி, சிகிச்சையைத் தொடருங்கள்.