உட்கரு இல்லாத செல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். “உட்கருதான் செல்லின் மூளை, எல்லாவற்றையும் அதுவே கட்டுப்படுத்துகிறது” என்று கீழ்வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். பத்தாம் வகுப்பில் சுற்றோட்டப் பாடம் வந்ததும், “பாலூட்டிகளின் ரத்தச் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது” என்கிறோம். போன வாரம் ஒரு பையன் எழுந்து, “அப்படின்னா அது செத்த செல்லா மிஸ்? செத்ததுதான் உடம்பு பூரா ஓடுதா?” என்றான். அதிக ஆக்சிஜனைச் சுமப்பதற்காக உட்கருவை இழந்துவிட்டது என்று கைடில் இருந்த பதிலைச் சொன்னேன். உடனே ஒரு பெண், “புறாவுக்கு உட்கரு இருக்கே மிஸ், அது நம்மளவிட எவ்ளோ தூரம் பறக்குது!” என்றாள். மணி அடித்ததால் தப்பித்தேன். நாளை மறுபடி கேட்பார்கள். ரத்தத்தில் டி.என்.ஏ. பரிசோதனை செய்கிறார்களே, அது எப்படி என்றும் ஒருவன் கேட்டிருக்கிறான். என்ன சொல்லட்டும்?

கலைச்செல்வி

அன்புள்ள கலைச்செல்வி,

பையனிடம், செத்த செல் இல்லை என்று சொல்லுங்கள். அந்தப் பெண்ணிடம், நீ கேட்டது சரி, தடுமாறுவது கைடுதான் என்று சொல்லுங்கள். கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

கோளாறு அந்த “மூளை”யில் இருக்கிறது. மூளை போனால் ஆள் அப்போதே போய்விடுவான். உட்கரு போனால் செல் அப்படிச் சாவதில்லை. 1930களில் யோவாகிம் ஹெமர்லிங் என்ற ஜெர்மானிய உயிரியலாளர் அசிடாபுலேரியா என்னும் கடற்பாசியை வைத்து இதைக் காட்டினார். சில சென்டிமீட்டர் உயரம் வளரும் அந்தப் பாசி முழுவதும் ஒரே செல். அடியில் வேர்போல ஒரு பகுதி, அதற்குள் உட்கரு, மேலே தண்டு, உச்சியில் குடை. தண்டை வெட்டி உட்கருவிடமிருந்து பிரித்துப் போட்டார். தண்டு சாகவில்லை. வாரக்கணக்கில் உயிரோடு கிடந்ததோடு, உச்சியில் புதிதாக ஒரு குடையையும் வளர்த்துக்கொண்டது. அந்தக் குடையையும் வெட்டியபோதுதான் மறுபடி வளர்க்க முடியவில்லை. உட்கரு முன்கூட்டியே அனுப்பிவைத்த செய்திகள் தண்டுக்குள் இருந்தன, அவை இருக்கும்வரை வேலை நடந்தது. அந்தச் செய்திதான் தூது ஆர்.என்.ஏ. என்று பின்னால் தெரியவந்தது.

கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பார்களே, சிவப்பணுவின் வாழ்க்கை மொத்தமும் அதுதான்.

பிள்ளைகளுக்கு முதலில் சொல்லவேண்டியது, சிவப்பணு உட்கரு இல்லாமல் பிறப்பதில்லை என்பதை. எலும்பு மஜ்ஜையில் அதன் இளம்பருவத்தில் நல்ல பெரிய உட்கரு உண்டு. அந்த உட்கருவின் டி.என்.ஏ.வைப் பார்த்துத்தான், ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபின் செய்வதற்கான தூது ஆர்.என்.ஏ. ஏராளமாக எழுதப்படுகிறது. எழுதி முடித்ததும் செல் தன் உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. பக்கத்தில் காத்திருக்கும் மேக்ரோஃபேஜ் என்னும் துப்புரவுச் செல் அதை விழுங்கிவிடுகிறது. உட்கருவை இழந்த செல்லுக்கு இப்போது பெயர் ரெட்டிகுலோசைட். ரத்த ரிப்போர்ட்டில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது ரத்த ஓட்டத்துக்கு வந்த பிறகும் ஒன்றிரண்டு நாள், கையிருப்புச் செய்தியை வைத்து ஹீமோகுளோபின் செய்துகொண்டே இருக்கும். பிறகு புரதம் செய்யும் ரைபோசோமும் போகும், ஆக்சிஜனை வைத்து ஆற்றல் எடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் போகும். சொல்லிக்கொடுத்த சொல் தீர்ந்தது. மிச்சம் கட்டிக்கொடுத்த சோறு மட்டும்: ஒரு செல்லுக்குள் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகளும், பிழைத்திருக்கத் தேவையான நொதிகளும்.

மைட்டோகாண்ட்ரியா இல்லாததில் ஒரு வேடிக்கை உண்டு. உடம்புக்கெல்லாம் ஆக்சிஜன் சுமக்கிற இந்தச் செல் தனக்கென்று அதில் துளியும் எரித்து ஆற்றல் எடுப்பதில்லை. குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்து, ஒன்றுக்கு 2 ஏ.டி.பி. (செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு) என்ற சொற்ப லாபத்தில் காலம் தள்ளுகிறது. மிஞ்சும் லாக்டிக் அமிலத்தைக் கல்லீரல் வாங்கி மறுபடி குளுக்கோஸாக்குகிறது. அந்தச் சொற்ப ஏ.டி.பி.யை வைத்துத்தான் சோடியத்தை வெளியே தள்ளுகிறது, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது, நடுவில் குழிந்த தட்டு வடிவத்தையும் வளைந்துகொடுக்கும் தன்மையையும் காப்பாற்றிக்கொள்கிறது. ஏ.டி.பி. தீர்ந்தால் மேலெல்லாம் முள் முளைத்ததுபோல் உருக்குலைந்து விறைத்துவிடும். ரத்த வங்கியில் பையில் இருக்கும் திரவத்தில் டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்திருப்பது இதற்குத்தான். அதுவும் குளுக்கோஸ்தான். செத்த செல்லுக்கு எதற்குச் சாப்பாடு என்று அந்தப் பையனைத் திருப்பிக் கேளுங்கள்.

உண்மையிலேயே செத்த செல் வேண்டுமென்றால் அதே பாடத்தின் தாவரப் பகுதியில் இருக்கிறது. நீரைக் கடத்தும் சைலக் குழாய்கள் முதிர்ந்தபின் உயிரற்ற வெறும் சுவர்கள். உணவைக் கடத்தும் சல்லடைக் குழாய் செல்லுக்கும் உட்கரு இல்லை, ஆனால் உயிர் உண்டு; அதற்குத் தேவையானதைப் பக்கத்துத் துணைச் செல் கொடுக்கிறது. சிவப்பணுவுக்கு அப்படிப்பட்ட துணையும் கிடையாது.

ஆகவே அதன் ஆயுளுக்கு எல்லை உண்டு. பாடத்தில் 120 நாள் என்று ஒரு வரியில் வரும். அது எப்படித் தெரிந்தது என்பது நல்ல கதை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஷெமின், கனமான நைட்ரஜன் அணு பொதிந்த கிளைசின் என்னும் அமினோ அமிலத்தை 66 கிராம், மூன்று நாளில் தானே சாப்பிட்டார். கிளைசினிலிருந்து ஹீமோகுளோபினின் இரும்பு தாங்கும் பகுதியான ஹீம் உருவாகிறது. எனவே அந்த நாட்களில் பிறந்த சிவப்பணுக்களில் எல்லாம் அடையாளக் குறி விழுந்துவிட்டது. பிறகு அவ்வப்போது தன் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார். குறி ஏறியது, மாதக்கணக்கில் அப்படியே நின்றது, நூறு நாளுக்கு மேல் இறங்கத் தொடங்கியது. இடையில் பழையதைக் கழித்துப் புதியதைப் போடும் வேலை எதுவும் செல்லுக்குள் நடக்கவில்லை என்பதற்கு அந்தச் சமதளக் கோடே சாட்சி. ஷெமினும் அவருடைய சக ஆய்வாளர் ரிட்டன்பெர்க்கும் 1946இல் வெளியிட்ட கணக்குப்படி சராசரி ஆயுள் 127 நாள்.

இந்த இடத்தில் பிள்ளைகளை ஒரு கணக்குப் போடச் சொல்லலாம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பணு, உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். பெருக்கினால் 25 லட்சம் கோடி. 120 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 கோடி. நொடிக்கு 24 லட்சம் செத்து, அதே அளவு புதிதாக மஜ்ஜையிலிருந்து வருகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நம் உடம்புச் செல்களில் பத்தில் எட்டுக்கு மேல் சிவப்பணுதான். உட்கரு இல்லாததை “விதிவிலக்கு” என்று ஓரமாகப் பெட்டிகட்டிப் போடுகிறோம். தலையை எண்ணினால் நாம்தான் உட்கரு இல்லாதவர்கள்!

கிழடான செல் மண்ணீரலின் குறுகிய இடுக்குகளில் நுழைய முடியாமல் மாட்டி மேக்ரோஃபேஜுக்கு இரையாகிறது. இரும்பு மறுபடி மஜ்ஜைக்குப் போகிறது. ஹீமின் மிச்சம்தான் சிறுநீரின் மஞ்சளும் மலத்தின் பழுப்பும். இதைச் சொன்னால் வகுப்பில் சிரிப்பார்கள், ஆனால் மறக்கமாட்டார்கள்.

அவர்கள் வீட்டிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கும். தாத்தா பாட்டி யாராவது “மூணு மாச சுகர்” டெஸ்ட் எடுத்திருப்பார்கள், எச்.பி.ஏ.1.சி. என்று ரிப்போர்ட்டில் வரும். அது ஏன் மூன்று மாதம்? ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் ஹீமோகுளோபினில் தானாகவே மெல்ல ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுவால் அந்த ஹீமோகுளோபினை மாற்ற முடியாது. ஒட்டியது சாகும்வரை ஒட்டியதுதான். எனவே அத்தனை நாளும் சர்க்கரை எப்படி இருந்தது என்பதன் பதிவு அதில் இருக்கிறது. சோதனைக்கு முதல்நாள் மட்டும் இனிப்பைத் தொடாமல் இருப்பவர்களின் சாமர்த்தியம் இங்கே பலிக்காது. சர்க்கரை நோயாளிகளிடம் இந்த மாறிய ஹீமோகுளோபினை 1968இல் தெஹ்ரானில் கண்டவர் சாமுவேல் ரஹ்பர். சிவப்பணுவின் ஆயுள் மாறினால் இந்த எண்ணும் ஏமாற்றும். சிவப்பணுக்கள் சீக்கிரம் சிதையும் நோய் இருந்தால் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும், இரும்புச்சத்துக் குறைவில் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும்.

சரி, புறா. மீன், தவளை, பல்லி, பறவை எல்லாவற்றின் சிவப்பணுவிலும் உட்கரு இருக்கிறது. பறவைகளுக்கு மைட்டோகாண்ட்ரியாகூட உண்டு. அதை வைத்துக்கொண்டே புறா பறக்கிறது, வாத்து இமயமலையைத் தாண்டுகிறது. ஆகவே “அதிக ஆக்சிஜன் வேண்டும், அதற்காக உட்கருவை விட்டது” என்ற காரணம் தனியாக நிற்காது. உட்கரு போனதால் பாலூட்டிகளுக்கு நன்மைகள் உண்டு. ஹீமோகுளோபினுக்கு இடம் கிடைத்தது. 7, 8 மைக்ரான் அகலச் செல் தன்னைவிடக் குறுகிய தந்துகி என்னும் நுண்ணிய ரத்தக்குழாய்க்குள்ளும் மடங்கி நுழைகிறது. ஆனால் கிடைத்த நன்மையைக் காட்டி, அதற்காகத்தான் நடந்தது என்று முடிச்சுப் போடுவது உயிரியல் பாடங்களில் அடிக்கடி நடக்கிற தவறு. பரிணாமம் எதையும் திட்டமிட்டுச் செய்வதில்லை. கருவில் முதல் சில வாரங்களில் நம் ரத்தத்திலும் உட்கருவுள்ள சிவப்பணுக்கள்தான் ஓடின என்பதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். பரீட்சையில் மட்டும் கைடு பதிலையே எழுதச் சொல்லிவிடுங்கள், மதிப்பெண்ணோடு விளையாட வேண்டாம்.

டி.என்.ஏ. பரிசோதனைக்கு வெள்ளையணுக்கள் கைகொடுக்கின்றன. சிவப்பணு 50 லட்சம் இருக்கும் இடத்தில் அவை 4,000 முதல் 11,000 வரைதான், ஆனாலும் போதும். பறவை ஆராய்ச்சியாளர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை, சிவப்பணுவிலேயே டி.என்.ஏ. இருப்பதால் ஒரு சொட்டு தாராளம்.

பள்ளியில் நுண்ணோக்கி கேட்டு வாங்க முடிந்தால் இதைக் கண்ணாலேயே காட்டலாம். கோழிக்கடையில் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தை அங்கேயே மெல்லிசாக இழுத்துக் காயவைத்துக் கொண்டுவாருங்கள், தாமதித்தால் உறைந்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். செல்களுக்கு நிறமேற்றும் லீஷ்மன் சாயம் ஆய்வகத்தில் இருக்கும். மனித ரத்தத்துக்குக் கடையில் விற்கும் தயார் ஸ்லைடே போதும், பிள்ளைகள் விரலைக் குத்த வேண்டாம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோழியின் நீள்வட்டச் செல் ஒவ்வொன்றின் நடுவிலும் ஊதாப் பொட்டு தெரியும். மனித ஸ்லைடில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளையணுவில் மட்டும்தான் ஊதா உட்கரு தெரியும், டி.என்.ஏ. கேள்வி கேட்ட பையனுக்கு அதைக் காட்டுங்கள்.